பயறு போடாத மாநிலம்

காலிதீனுக்கு ஊர் வைத்த பேர் ‘டெக்சாஸ்’. டெக்சாஸை அவர் கண்ணால் கண்டதில்லை. அமெரிக்கா எந்தப் பக்கம் என்று கேட்டால் கடலைக் காட்டுவார். நம்ம கடல் கிழக்கே கிடக்கிறது. ஆனாலும் பிழை சொல்ல முடியாது. உலகம் உருண்டைதானே, போய்க்கொண்டே இருந்தால் ஒருநாள் வரத்தானே வேணும்!

அவர் உண்மையில் இருந்தது குவைத்தில். பாலைவனத்துக்கு நடுவே அமெரிக்கப் பட்டாளத்தின் முகாம், அதில் ஒரு பெரிய குசினி, அந்தக் குசினியில் வெங்காயம் வெட்டத் தொடங்கி அகப்பை பிடிக்கும் வரைக்கும் உயர்ந்த மனுசன் அவர். திரும்பி வரும்போது மற்றவர்கள் கம்பளியும் டீவியும் கொண்டுவந்தார்கள். காலிதீன் கொண்டுவந்தது ஒற்றை நட்சத்திரம் போட்ட ஒரு தொப்பியும், ஒரே ஒரு கொள்கையும்.

“மாநிலத்துட விஷயத்தில மத்திய அரசு கை போடப்படா.” இதுதான் கொள்கை. இதை அவர் சொல்லாத இடமில்லை. தேத்தண்ணிக் கடையில் கரண்ட் போனால் உடனே தொடங்கிவிடுவார்.

“டெக்சாஸ்ல கரண்டுக்கும் தனிக் கம்பி இரிக்கி மச்சான். வாஷிங்டன்காரன் வந்து சுவிச்சத் தொட ஏலா.”

“அப்ப அங்க கரண்ட் போறல்லயா காக்கா?”

“போகும். ஆனா அவங்கட சொந்தக் கரண்ட் போகும்!”

இதைச் சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணியை உறிஞ்சுகிற அழகைப் பார்க்க வேணுமே! அந்த இருட்டிலும் முகம் வெளிச்சமாக இருக்கும்.

இந்தக் கொள்கை அவருக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை, ஒரு சட்டியில் கிடைத்தது. முகாம் குசினியில் டஸ்டின் என்று ஒரு டெக்சாஸ்காரன் இருந்தான். என்றைக்கு என்ன ஆக்க வேணும் என்று வாஷிங்டனில் இருந்து அட்டவணை வரும். உலகத்தில் எந்த மூலையில் முகாம் இருந்தாலும் ஒரே முட்டை, ஒரே அவரை. டஸ்டினுடைய ஊரில் இறைச்சியும் செத்தல் மிளகாயும் போட்டு ஒரு குழம்பு வைப்பார்களாம். அதில் அவரைவிதை போட்டால் கொலை விழுமாம். அட்டவணையிலோ அவரைவிதை போடு என்று இருக்கும். டஸ்டின் கரண்டியைத் தரையில் எறிந்துவிட்டுக் கத்துவான்: “என் சட்டிக்குள்ளே வாஷிங்டனுக்கு என்ன வேலை?”

ஒஹாயோ மாநிலத்துக்காரன் நோர்மன் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொல்வான்: “வாஷிங்டன் இல்லாவிட்டால் இந்தப் பாலைவனத்துக்கு உன் மிளகாயே வந்திருக்காது, தம்பி. ரோடு போட்டதும் அவன், லொறி அனுப்பியதும் அவன். பணக்கார மாநிலம் மட்டும் தின்றால் ஏழை மாநிலம் என்ன செய்யும்?”

இரண்டு பேருக்கும் நடுவில் நம்ம காலிதீன், கையில் அகப்பை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் நோர்மன் வைக்கிற குழம்பில் உப்பே இருக்காது. ஆகவே அவர் டெக்சாஸ் பக்கம் சாய்ந்தார். வரலாற்றில் எத்தனையோ பேர் இதைவிடச் சின்னக் காரணங்களுக்குக் கட்சி சேர்ந்திருக்கிறார்கள்.

ஊருக்கு வந்ததும் கொள்கைக்கு வேலை கிடைத்தது. கடலோரச் சந்தான கடற்கரை ஒழுங்கையின் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஆக்குகிற பொறுப்பு அவருடைய கைக்கு வந்தது. புது அரிசி, மாட்டு நெஞ்செலும்பு, உள்ளிப்பூண்டு, இஞ்சி, ரம்பை இலை, கடைசியில் தடித்த தேங்காய்ப்பால். பயறு மட்டும் கிடையாது. ஊரில் மற்ற ஒழுங்கைகள் எல்லாம் கஞ்சிக்குப் பயறு போடும். காலிதீன் போடமாட்டார்.

“பயறு போட்டா அது கஞ்சியில்ல, பாயாசம். சீனி போடுறது மட்டும்தான் மிச்சம்” என்பார்.

நோன்பு மாதம் முழுக்க பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தப் பெரிய கஞ்சிக் கிடாரத்துக்கு முன்னால் அகப்பையோடு நிற்கிற நேரம்தான் அவருக்கு வாழ்க்கை. மற்ற மாதங்கள் எல்லாம் அதற்கான காத்திருப்பு.

அந்த அகப்பைக்குத்தான் இந்த வருசம் ஆபத்து வந்தது.

நோன்புக்கு முந்தின வாரம் பெரிய பள்ளியில் கூட்டம். நம்ம பக்கத்துப் பள்ளிகளின் வழக்கம் தெரியும்தானே. உம்மா வழியில் வருகிற வம்சம்தான் குடி, குடிக்குத் தலைவராக ஒரு மரைக்கார், மரைக்கார்மார் எல்லாரும் கூடித்தான் முடிவு. அன்றைக்கும் அவர்கள் வரிசையாகப் பாயில் இருந்தார்கள். செயலாளர் ஸப்ரி எழுந்தார். கணக்குப் பாட வாத்தியார், சட்டைப்பையில் கலர் கலராகப் பேனை, கூட்டல் பிழைத்தால் தூக்கம் வராத மனுசன்.

“போன வருசம் ஒரு ஒழுங்கைக் கஞ்சியில இறைச்சி மிதந்திச்சி. குறுக்கு ஒழுங்கைக் கஞ்சியில இறைச்சிட வாசம் மட்டும்தான் இரிந்திச்சி. அந்தப் புள்ளயள் வாளியத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையா ஓடினத்த நான் கண்டன். இது சரியா? இனி ஒரே ஊர், ஒரே கிடாரம், ஒரே கஞ்சி. பெரிய பள்ளியில ஆக்கி ஓட்டோவில எல்லா ஒழுங்கைக்கும் அனுப்புவம்.”

மரைக்கார்மார் தலையாட்டினார்கள். ஒரே கிடாரம் என்றால் கடற்கரை ஒழுங்கையில் நெருப்பே மூட்டமாட்டார்கள். நெருப்பில்லாவிட்டால் காலிதீன் எங்கே நிற்பது? அவர் எழும்பினார்.

“இது சர்வாதிகாரம்!”

“என்ன காக்கா, கஞ்சிதானே” என்றார் ஸப்ரி.

“கஞ்சியிலதான் எல்லாம் தொடங்கும்! அமெரிக்காவப் பாருங்க. சின்ன மாநிலத்துக்கும் செனட்டில ரெண்டு பேர், பெரிய மாநிலத்துக்கும் ரெண்டு பேர். ஏன்? ஒருத்தன் மத்தவன முழுங்கப்படா என்டு. ஒரு மாநிலத்தில பட்டாசு கொளுத்தலாம், எல்லையத் தாண்டினாப் பொலிஸ் புடிக்கும். அவனவன்ட சட்டம் அவனவனுக்கு. நம்மட மூத்தாக்கள் அமெரிக்காவக் காணாமலே குடிக்கு ஒரு மரைக்கார் என்டு வெச்சாங்க. அதுவும் இதுதான்! ஒழுங்கைட கிடாரம் ஒழுங்கைக்கு!”

கூட்டம் அசந்துபோனது. தாங்கள் இத்தனை காலமும் செனட்டர்களாக இருந்திருக்கிறோம் என்பது மரைக்கார்மாருக்கு அப்போதுதான் தெரிய வந்தது. ஒருவர் இடுப்புச் சாரனைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஸப்ரி வாத்தியார் கொஞ்ச நேரம் பேனையைத் திருகினார். பிறகு தேனாகக் கதைத்தார்.

“காக்கா சொல்றதும் சரிதான். ஆனா நாங்க அந்த ஒரே கிடாரத்துக்கு உங்களத்தான் தலைமைச் சமையலுக்குப் போடுவம் என்டு நினைச்சிரிந்தம்.”

“முழு ஊருக்குமா?” என்றார் காலிதீன்.

“ஓம், முழு ஊருக்கும்.”

“பயறு?”

“அது தலைமைச் சமையல்ட முடிவு.”

காலிதீன் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

“நோர்மன் என்டு ஒஹாயோவில ஒரு பொடியன் இரிந்தான்” என்று தொடங்கினார். “நல்ல புத்திசாலி. அவன் என்ன சொல்லுவான் என்டா, நாடு என்டா நடுவில ஒரு அடுப்பு வேணும் என்டு...”

டெக்சாஸ் அந்த இடத்திலேயே கவிழ்ந்துவிட்டது.

பெரிய பள்ளி வளவில் ஒரு கிடாரம் வந்திறங்கியது. உள்ளே ஆள் இறங்கிக் குளிக்கலாம். அகப்பைக்குப் பதிலாகத் தோணித் துடுப்பு. காலிதீன் வாங்குப் பலகை மேல் ஏறி நின்று துடுப்பால் கிண்டினார். முதல் நாளே சட்டம் போட்டார்: ஊர் முழுக்கப் பயறு கிடையாது.

சந்தை ஒழுங்கையில் இருந்து இரண்டு பேர் முறையிட வந்தார்கள். “காக்கா, எங்கட புள்ளயள் பயறில்லாமக் குடிக்குதுகளில்ல.”

“நாட்டு ஒற்றுமைக்காகக் குடிக்கச் சொல்லுங்க.”

“ஒழுங்கைட விஷயத்தில கை போடப்படா என்டு நீங்கதானே சொன்ன?”

“அது நான் ஒழுங்கையில இரிக்கக்குள்ள.”

இறைச்சி எல்லாருக்கும் சமமாகப் போனது, அதை மறுக்க முடியாது. குறுக்கு ஒழுங்கைப் பிள்ளைகள் முதல் தடவையாக எலும்பு உறிஞ்சினார்கள். ஆனால் கஞ்சி போக வேண்டிய பாதைதான் சரியில்லை. நோன்பு திறக்கிற நேரத்தில் நம்ம மெயின் ரோட்டைக் கண்டவர்களுக்குத் தெரியும். கல்முனை டவுனில் வேலை முடிந்து வருகிற சனமெல்லாம் சமூசாக் கடை வாசலில் மோட்டர் சைக்கிளைக் குறுக்கே போட்டுவிட்டு நிற்கும். அதற்குள்ளே கஞ்சி வாளிகளோடு ஓட்டோ போக வேணும். பிரேக் அடித்தால் கஞ்சி சாரதியின் முதுகில் நோன்பு திறக்கும். எல்லாவற்றிலும் தூரம் கடற்கரை ஒழுங்கை. அங்கே ஓட்டோ போய்ச் சேரும்போது பாங்கு சொல்லி, தொழுது, சனம் செருப்பும் போட்டிருக்கும். பிள்ளைகள் வெறும் பேரீச்சம்பழத்தோடும் தண்ணியோடும் நோன்பு திறந்தார்கள். பிந்தி வந்த கஞ்சியோ வெட்டித் தின்கிற பதத்தில் இருந்தது.

அவருடைய மனைவி ஸகியா முதல் நாள் சொன்னாள். “இஞ்சாருங்க, கஞ்சி வந்து சேரல்ல.”

“அனுப்பியாச்சி புள்ள. மத்தியில இருந்து புறப்பட்டா வந்த மாதிரித்தான்.”

இரண்டாம் நாளும் சொன்னாள். “புள்ளயள் பாத்துப் பாத்து இரிக்கிதுகள்.”

“ஆரம்பத்தில எல்லா நாட்டிலயும் இப்படித்தான். அமெரிக்காவுக்கு எவ்வளவு காலம் எடுத்த தெரியுமா?”

மூன்றாம் நாள் ஸகியா ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே காலிதீன் பயந்திருக்க வேணும்.

அன்றைக்குக் கிடாரம் வெள்ளெனவே, வழக்கத்துக்கு முந்தியே, அடுப்பை விட்டு இறங்கியது. முதல் ஓட்டோவில் தானே ஏறிக் கடற்கரை ஒழுங்கைக்குக் கஞ்சியைக் கொண்டுபோய்ப் பேச்சை அடைப்போம் என்று கிளம்பினார். சமூசாக் கடைக்கு முன்னால் ஓட்டோ சிக்கியது. அவர் இறங்கி நட்சத்திரத் தொப்பியை ஆட்டி வழி கேட்டார். ஒருவன் அவருக்கு இரண்டு சமூசா விற்றான். அவ்வளவுதான் நடந்தது. கடைசியில் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஒழுங்கைக்குள் திரும்பினால், புகை. ரம்பையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வாசம். அது அவருடைய வீட்டு வளவில் இருந்தல்லவா வருகிறது!

முருங்கை மரத்தடியில் கல் வைத்து, ஒழுங்கைப் பள்ளியின் பழைய கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தது. சுற்றிவர ஒழுங்கைப் பெண்கள். நடுவில் ஸகியா, கையில் காலிதீனுடைய அதே அகப்பை. ஒரு பக்கத்தில் பக்கத்து ஊர் பாண்டிருப்பு அழகரெத்தினம் அரிசி மூட்டையில் சாய்ந்து நின்றார். மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் செய்கிற மனுசன். ஒவ்வொரு வருசமும் அறுவடை முடிய ஒரு மூட்டைப் புது அரிசியைக் கடற்கரை ஒழுங்கைக் கஞ்சிக்கென்று கொண்டுவந்து இறக்குவார். அப்படியே இருந்து ஒரு கோப்பை குடித்துவிட்டுத்தான் போவார்.

“நீயுமா மச்சான்?” என்றார் காலிதீன்.

“எனக்கு அரசியல் தெரியா காக்கா. கிடாரம் எங்க இரிக்கோ அரிசி அங்க.”

காலிதீன் வாளியைக் கீழே வைத்தார். முதுகை நிமிர்த்தினார்.

“ஸகியா. இது சட்டவிரோதக் கஞ்சி. ஊருக்கு ஒரே கிடாரம் என்டு மரைக்கார்மார் முடிவெடுத்திரிக்காங்க. நெருப்ப அணை.”

ஸகியா கிண்டுவதை நிறுத்தவில்லை.

“இது ஆர்ட வளவு?”

“நம்மட...”

“ஆர்ட வளவு என்டு கேட்டன்.”

இந்தக் கேள்விக்கு இந்தக் கரையில் ஒரே பதில்தான். வீடு பெண்ணுக்கு. ஸகியாவின் உம்மா ஸகியாவுக்குக் கொடுத்த வீடு இது. காலிதீன் மாப்பிள்ளையாக ஒரு சூட்கேசோடு வந்து ஏறியவர். அந்தச் சூட்கேசும் அண்ணனிடம், அதாவது அவருடைய காக்காவிடம், கடன் வாங்கியது.

“உன்ட வளவு” என்றார்.

“இந்த வளவுக்குள்ள உங்கட வாஷிங்டன் வராது. குவைத்தால வந்த நாள்ல இருந்து ராவு பகலா நீங்க கதைச்சதக் கேட்டவ நான். மாநிலத்துட விஷயத்தில மத்திய அரசு என்ன செய்யப்படா?”

பெண்கள் எல்லாரும் ஒரே குரலில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி: “கை போடப்படா!”

அழகரெத்தினமும் சேர்ந்து சொன்னதுதான் காலிதீனுக்கு நெஞ்சில் தைத்தது.

அவர் மெதுவாகக் கிடாரத்துக்குக் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார். வெள்ளைக் கஞ்சிக்குள்ளே பச்சையாக ஏதோ மிதந்தது.

“ஸகியா... இது என்ன?”

“பயறு.”

“என்ட கிடாரத்திலயா!”

“ஒழுங்கைட கிடாரம். ஒழுங்கைக்குப் பயறு விருப்பம். உங்களுக்குச் சொல்லப் பயந்துதான் இத்தின வருசமும் பேசாமக் குடிச்ச.”

பாருங்கள், உரிமைக்காக இத்தனை வருசம் கத்திய மனுசனுக்கு, அடுத்தவன் அந்த உரிமையை எடுத்துக்கொண்டு பயறு போடுவான் என்று ஒருநாளும் தோன்றவில்லையே! டஸ்டினுக்கும் தோன்றியிருக்காது.

அப்போது ஒழுங்கைப் பள்ளியில் பாங்கு. சட்டத்தைப் பற்றிக் கதைக்க நேரமில்லை. ஸகியா ஒரு கோப்பையை நீட்டினாள். பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணி, பிறகு கஞ்சி. சுடச்சுட. மதில் ஓரமாக ஒழுங்கைப் பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருந்து ஊதி ஊதிக் குடித்தார்கள். இரண்டு நாள் பிந்திய பிறகு நேரத்துக்கு வந்த கஞ்சி. ஒரு சின்னவள் கோப்பைக்குள்ளேயே முகத்தை வைத்துச் சிரித்தாள். அதைக் கண்டால் கல்லுக்கும் கண் கலங்கும். காலிதீன் கல் இல்லை. மூக்கைத் தொப்பியால் துடைத்துக்கொண்டார்.

“எப்படி?” என்றாள் ஸகியா.

“உப்பு சரி” என்றார். இரண்டாவது கோப்பையையும் நீட்டினார்.

மறுநாள் பெரிய பள்ளியில் துடுப்பை ஸப்ரி வாத்தியாரின் கையில் கொடுத்தார்.

“வாத்தி, அரிசி, இறைச்சி, தேங்காய் எல்லாம் நடுவில சேர்த்துச் சமமாப் பிரிங்க. குறுக்கு ஒழுங்கைக்குக் குறையப்படா. அது நோர்மன்ட நியாயம். ஆனா நெருப்பும் உப்பும் அந்தந்த ஒழுங்கைட. அது டஸ்டின்ட நியாயம்.”

“பயறு?”

காலிதீன் கண்ணை மூடினார். “அதுவும் ஒழுங்கைட.”

ஸப்ரி நீளமாக மூச்சு விட்டார். “அல்ஹம்துலில்லாஹ். பயறு கேட்டு வந்த போன் கோலில எனக்குக் காதே சூடாகிட்டு காக்கா. அப்ப உங்கட ஒழுங்கையில நீங்கதானே ஆக்கிற?”

“ஒழுங்கை தீர்மானிக்கும்” என்றார் காலிதீன், சிரித்துக்கொண்டு. அவருக்குச் சந்தேகமே இல்லை. அகப்பை திரும்பி வருகிறது என்றுதான் வேகமாக வீட்டுக்கு நடந்தார்.

ஒழுங்கை தீர்மானித்தது. முருங்கை மரத்தடியில் கை உயர்த்தச் சொன்னார்கள். ஸகியாவுக்கு உயர்ந்த கைகளில் மரமே மறைந்தது. காலிதீனுக்கு உயர்ந்தது ஒரே கை, அவருடையது. அதுவும் பாதி உயரத்தில் நின்று தலையைச் சொறிந்தது.

“ஜனநாயகம்” என்றார் அழகரெத்தினம் ஆறுதலாக.

இப்போது காலிதீன் நாள்தோறும் அஸருக்குப் பிறகு ஸகியாவின் கிடாரத்துக்குத் தேங்காய் துருவுகிறார். பால் பிழிகிறார். விறகு தள்ளுகிறார். அகப்பைக்குக் கிட்டப் போனால் ஸகியா ஒரு பார்வை பார்ப்பாள், திரும்பி வந்துவிடுவார். துருவத் தொடங்கிய ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் வாய் திறந்தார்.

“ஸகியா, ஒரு சின்னச் சட்டி. ஒரு மூலையில. பயறில்லாம. எனக்கு மட்டும்.”

அவள் யோசித்தாள். கிணற்றடிக்குப் பின்னால் இருந்த மூலையைக் காட்டினாள். “அந்த மூலைய எடுத்துக்கங்க. உங்கட சட்டம் உங்களுக்கு. ஆனா என்ட விறகத் தொடப்படா.”

அப்படித்தான் கிணற்றடி மாநிலம் பிறந்தது. காலிதீன் தென்னம்பாளை பொறுக்கி நெருப்பு மூட்டினார். நட்சத்திரத் தொப்பியை ஒரு தடியில் மாட்டி நட்டார். சின்னச் சட்டியில் கஞ்சி கொதித்தது: எலும்பு, உள்ளி, ரம்பை, பால். பயறில்லை. சுத்தமான கஞ்சி.

அந்த மாநிலத்துக்கு ஒரே ஒரு பிரஜை வந்தார். அழகரெத்தினம். பாவம் மனுசன் தனியாக நிற்கிறாரே என்று, அரிசி கொடுக்கும் வேலை முடிந்த பிறகும் பின்னேரங்களில் சைக்கிளில் வந்தார். பாங்கு சொல்லும் வரை காலிதீனோடு குந்தியிருந்தார். பாங்கு முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து கோப்பையை எடுத்தார்கள்.

காலிதீன் கண்ணை மூடி ஒரு மிடறு குடித்தார். “எப்படி மச்சான்?”

அழகரெத்தினம் மரியாதையாக முழுக் கோப்பையும் குடித்தார். வாயைத் துடைத்தார். முருங்கை மரத்தடியைத் திரும்பி ஒருதரம் பார்த்தார். அங்கே ஸகியா அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“நல்லா இரிக்கி காக்கா. குறை சொல்ல ஒண்டுமில்ல.” கொஞ்சம் தயங்கினார். “ஆனா... ஒரு பிடி பயறு போட்டா என்ன?”

காலிதீன் கோப்பையை நிலத்தில் வைத்தார். வானத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், தடியில் ஆடுகிற தொப்பியைப் பார்த்தார்.

“சரி. வோட்டுக்கு விடுவம்” என்றார்.

ஒன்றுக்கு ஒன்று. சமநிலை. இரண்டு பேரும் மற்றவர் கையை இறக்கட்டும் என்று உயர்த்திய கையோடு காத்திருந்தார்கள்.

முருங்கை மரத்தடியில் இருந்து ஸகியாவின் குரல் வந்தது: “வளவுக்காரிக்கும் ஒரு வோட்டு இரிக்கி!”